பேச்சு சிகிச்சையா, மாத்திரையா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் தோட்டத்துப் பக்கம், எச்.ஐ.வி.யோடு பழைய மன அதிர்ச்சியும் சேர்ந்து தூக்கத்தைக் கெடுக்கிறவர்களுக்கு இந்தக் குழப்பம் வரும்.

செலவு: மாத்திரை மலிவு. பேச்சு சிகிச்சைக்கு ஈப்போ வரை பஸ், அரை நாள் சம்பளம்.

காலம்: பேச்சுக்கு வாரம் ஒன்றாக 8 முதல் 15 அமர்வு. இதற்குத் தரும் மாத்திரையான செர்ட்ராலின் வேலை காட்டவே சில வாரமாகும்.

நிலைப்பு: பேச்சின் பலன் பெரும்பாலும் நிற்கும். மாத்திரையை நிறுத்தினால் தொல்லை திரும்பலாம்.

எச்.ஐ.வி. மருந்து: இங்கேதான் சிக்கல். எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மாத்திரை தானே கெட்ட கனவு தரலாம், உடம்பில் செர்ட்ராலின் அளவையும் குறைக்கும். பேச்சுக்கு இந்த மோதலே இல்லை. கெட்ட கனவு அந்த மருந்தால் வந்ததா என்று டாக்டரிடம் முதலில் கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

லீவு கிடைக்கிறவர்களுக்கு என் ஓட்டு பேச்சுக்கு. மனச்சோர்வும் சேர்ந்திருந்தால், அல்லது வாராவாரம் எங்கே போகிறாய் என்று லயத்து வீடுகளில் கேட்பார்களே என்று பயந்தால், சரி, மாத்திரை.