பீக்கோ ட்ரெயில்: வழிகாட்டி இல்லாமல் மூன்று நாள் நடை

பீக்கோ ட்ரெயில் என்பது இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களூடாகப் போகும் நடைபாதை. அதில் நடக்க, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள சின்ன பயண நிறுவனம் ஒன்றிடம்தான் பதிந்தேன். வழிகாட்டி கூட வரமாட்டார். தங்கும் வீடுகளை ஒழுங்கு செய்து, பெட்டியை வேனில் அடுத்த வீட்டுக்கு அனுப்பி, பாதைக் குறிப்பும் போனில் ஏற்ற வரைபடமும் தருவார்கள். நடப்பது நம் வேலை. எனக்கும் தம்பிக்கும் மூன்று இரவு, காலை, இரவுச் சாப்பாட்டோடு 78,000 ரூபாய்.

முழுப் பாதையும் 300 கிலோமீட்டருக்கு மேல், 22 கட்டங்கள். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாப் பக்கம் முடிகிறது. வெள்ளைக்காரர் காலத்துத் தோட்டப் பாதைகளை இணைத்து உருவாக்கியது. நாங்கள் நடந்தது முதல் மூன்று கட்டங்கள்: ஹந்தானையிலிருந்து கலஹா, லூல்கந்துர, தவளந்தென்னை.

வரைபடம் அருமை. சிக்னல் இல்லாத இடத்திலும் நம் புள்ளி நகர்ந்துகொண்டே இருந்தது. இரத்தம் உறிஞ்சும் அட்டை ஏறாமலிருக்க முழங்காலில் இறுக்கிக் கட்டும் துணி உறையும் கொடுத்தார்கள். அதை மட்டும் வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள்.

குறை பெட்டியில்தான். இரண்டாம் நாள் பின்னேரம் மழையில் தொப்பலாக நனைந்து போய்ச் சேர்ந்தால், மாற்றுடுப்பு இரண்டரை மணி நேரம் கழித்துத்தான் வந்தது. அந்த வீட்டம்மா தன் சட்டையைத் தந்திராவிட்டால் எனக்குக் காய்ச்சலே வந்திருக்கும். நிறுவனத்துக்குப் போன் எடுத்தேன். உடனே பேசினார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். ஆனாலும் மலையில் அது சின்ன விஷயமில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பாதைக் குறிப்பில் ஆங்கிலமும் சிங்களமும் மட்டுமே. நாள் முழுக்க எங்களோடு பேசியவர்களோ தமிழர்கள். குறிப்பில் 'அப்பர் டிவிஷன்' என்றிருந்த இடத்துக்கு வழி தெரியாமல் பாதை பிரியும் கவையில் நின்றபோது, கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கேட்டார்: "எங்கம்மா போகணும்? மேல்கணக்குக்கா? அந்தா, கோயில் தெரியுதுல்ல, அதுக்கு மேல." 'அப்பர் டிவிஷனை' அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். பேசும்போதும் அவர் கை நிற்கவில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி, உள்ளங்கை நிறைந்ததும் தோளுக்கு மேலால் முதுகுக் கூடைக்குள் எறிகிறார். பெருவிரலும் சுட்டுவிரலும் தேயிலைக் கறையால் கறுத்து, நகத்தோரம் வெடித்திருந்தது. குறிப்பில் அந்த இடத்துக்கு 'படம் எடுக்க நல்ல இடம்' என்று மட்டும்தான் எழுதியிருந்தது.

லூல்கந்துரவில், இலங்கையில் தேயிலைத் தொழிலைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் டெய்லர் 1867ல் 19 ஏக்கரில் தேயிலை போட்டதைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது. அவர் உட்கார்ந்த கல்லிருக்கையும் பார்த்தோம், அங்கிருந்து தெரியும் மலைகள் கண்ணைவிட்டு அகலாது. ஆனால் அந்த ஏக்கர்களை வெட்டித் திருத்தியவர்கள், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள், அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்கள், இன்றும் அங்கேயே இருக்கும் பேரப்பிள்ளைகள் பற்றி ஒரு வரியாவது வேண்டாமா? என் அம்மம்மா இந்த மலைகளில் பிறந்தவர். அதனால் எனக்கு இது கூடுதலாக வலித்தது.

கொழும்பு வந்ததும் இதையெல்லாம் நேரில் போய்ச் சொன்னேன். நாங்கள் நடந்த மூன்று கட்டங்களுக்கும் தமிழில் குறிப்பு எழுதித் தரச் சொன்னார்கள். முதல் கட்டத்தை முடித்துக் கொடுத்துவிட்டேன், மேல்கணக்கு, கீழ்கணக்கு எல்லாம் அங்குள்ளவர்கள் சொல்லும் பெயரிலேயே.

அடுத்தது தவளந்தென்னையிலிருந்து பூண்டுலோயா. தம்பிக்கு லீவு கிடைத்ததும் இவர்களிடமே பதிவோம். மாற்றுடுப்பு ஒன்றை மட்டும் இந்தமுறை தோள்பையிலேயே வைத்துக்கொள்வேன்.