சுண்ணாம்புக்கல் லாரி ஓடும் சாலைக்கு ஒரு கார்: டாடா பஞ்ச் அட்வென்ச்சர், 38,000 கிலோமீட்டருக்குப் பிறகு

ஜெயங்கொண்டத்தில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து செந்துறைப் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் அரசுப் பள்ளி 27 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அதில் 11 கிலோமீட்டரைத்தான் மனதாரச் சாலை என்று சொல்ல முடியும். மீதி, சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் டிப்பர் லாரிகள் இரவும் பகலும் ஓடி உழுது போட்ட தடம். அரியலூர் வட்டாரம் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் கிடந்தது என்றும், அந்தக் கடல் விட்டுச் சென்றதே இந்தச் சுண்ணாம்புக்கல் என்றும் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். அந்தக் கல்லுக்கு என் முதுகெலும்பும் வரி கட்டும் என்று பாடநூலில் போட்டிருக்கவில்லை.

லாரி மட்டும் காரணமில்லை. வழியில் பல இடங்களில் கரிசல் மண். மழையில் ஊதிப் பெருத்து, கோடையில் சுருங்கி வெடிக்கும் அந்த மண்ணின் மேல் போட்ட தார் இரண்டு பருவத்தில் அலை அலையாகப் புரண்டுவிடும். ஆகவே எங்கள் சாலையில் இரண்டு வகைக் கேடுகள் உண்டு: லாரிச் சக்கரம் பெயர்த்த, விளிம்பு கூரான குழி ஒன்று, கரிசல் மண் உண்டாக்கிய நீண்ட மேடுபள்ளம் மற்றொன்று. முதல் வகையில் அடியை முதலில் வாங்குவது டயர், இரண்டாவதில் வண்டியை அடக்கிப் பிடிக்க வேண்டியது சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும். கார் வாங்கப் போகும்போது இந்த வேறுபாடு எனக்குத் தெரியாது. விற்பனைக்கூடத்தில் யாரும் சொல்லவும் இல்லை.

ஒன்பது ஆண்டுகள் ஸ்கூட்டரில் போய் இடுப்பு வலியை வாங்கிக்கொண்ட பிறகு, 2023ஆம் ஆண்டு கோடை விடுமுறையில்தான் கார் என்ற பேச்சு வீட்டில் எழுந்தது. என்னுடன் வேலை பார்க்கும் இரண்டு ஆசிரியைகள் பெட்ரோல் செலவைப் பகிர்ந்துகொண்டு கூட வர ஒப்புக்கொண்டார்கள். பதிவு, காப்பீடு எல்லாம் சேர்த்து எட்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது, மூட்டு வலி உள்ள மாமியார் யார் கையையும் பிடிக்காமல் ஏறி இறங்க வேண்டும், மாதப் பெட்ரோல் செலவு சம்பளத்தைத் தின்னக் கூடாது என்பவை எங்கள் நிபந்தனைகள். அதற்குள் அடங்கியவை மாருதி வேகன்ஆர், ரெனோ க்விட், அந்த ஜூலையில் சந்தைக்கு வந்த ஹூண்டாய் எக்ஸ்டர், டாடா பஞ்ச் ஆகிய நான்கு.

ஓட்டிப் பார்ப்பதற்கென்று எல்லா விற்பனைக்கூடங்களிலும் வண்டியை நான்குவழிச் சாலைக்கே ஓட்டிப் போகிறார்கள். அங்கே எந்தக் கார்தான் சுகமாக ஓடாது? "நாங்க தினமும் போற ரோட்டுலதான் ஓட்டிப் பார்க்கணும் தம்பி" என்று ஓரிடத்தில் நான் சொன்னபோது, "மேடம், டெமோ வண்டிக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என்னைத்தான் கேப்பாங்க" என்று அந்தப் பையன் நெளிந்தான். அவன் கவலை நியாயமானதுதான். ஆனாலும் விடவில்லை. முன்னால் இருவர், பின்னால் இருவர் என்று ஆள் ஏறிய பாரத்துடன், எங்கள் வழியில் குழி நிறைந்த மூன்று கிலோமீட்டரில் நான்கு வண்டிகளையும் ஓட்டிய பிறகே விலை பேசினோம். இதை வாசிப்பவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள். காலி வண்டியில் தனியாக ஓட்டிப் பார்ப்பது அரைச் சோதனைகூட இல்லை. பாரம் ஏறினால் வில் அமுங்கி, விளம்பரத்தில் சொன்ன தரை இடைவெளியும், அதாவது வண்டியின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையிலான உயரமும், குறைந்துவிடும்.

வேகன்ஆர் எங்கள் பட்டியலில் மிகச் சிக்கனமானது. 1.2 லிட்டர் மேனுவல் வகைக்கு நிறுவனம் சொல்லும் கணக்கு லிட்டருக்கு 23.56 கி.மீ. இருக்கை உயரம், தலைக்கு மேல் இடம், எதிரே சாலை தெரியும் விதம் என்று எல்லாமே முதியோருக்கு ஏற்றவை. ஆனால் 850 கிலோவுக்கும் குறைந்த எடையும் நெடிய உடலும் கொண்ட அந்த வண்டி, அலை போன்ற சாலையில் பின்பக்கம் சற்றே துள்ளுவதாக என் இடுப்புக்குப் பட்டது. எடை குறைந்த உடலில், சக்கரமும் அச்சும் மேலே தள்ளும்போது எதிர்த்து அமுக்கி வைக்கப் போதிய கனம் இருப்பதில்லை. 165 மில்லிமீட்டர் தரை இடைவெளி வேறு. சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த விதிப்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். எங்கள் ஊர் வேகத்தடைகளோ அந்த விதியைக் கேள்விப்பட்டதே இல்லாத கைகள் கட்டிய திண்ணைகள். நல்ல சாலையில் நாள்தோறும் போய்வருபவருக்கு நான் இன்றும் வேகன்ஆரைத்தான் சொல்வேன்.

க்விட் சென்னைக்கு அருகே ஒரகடத்தில் தயாராகும் வண்டி. 184 மி.மீ. இடைவெளி அதன் விலைக்குப் பெரிய கொடை. பின் இருக்கையில் இரண்டு ஆசிரியைகளும் அவர்களுடைய பைகளும் உட்கார்ந்தபோது அதன் அளவு போதவில்லை என்பதால் அத்துடன் விட்டுவிட்டோம். எக்ஸ்டரில் நான்கு சிலிண்டர் இன்ஜின். ஓடுவதே தெரியாத அமைதி. எல்லா வகைகளிலும் ஆறு ஏர்பேக் கொடுத்திருந்தார்கள். 185 மி.மீ. இடைவெளியும் உண்டு. அதை வாங்காமல் போனதற்கு ஒரே காரணம்தான் இருந்தது: டயர்.

டயரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் முரட்டுச் சாலைக்குக் கார் தேடுபவர்கள் எல்லாரும் தரை இடைவெளியைக் கேட்கிறார்களே தவிர டயரின் பக்கவாட்டுச் சுவர் எவ்வளவு உயரம் என்று கேட்பதில்லை. டயரின் மேல் 185/70 ஆர்15 என்று அச்சிட்டிருந்தால், அகலம் 185 மில்லிமீட்டர், சுவரின் உயரம் அதில் நூற்றுக்கு எழுபது பங்கு, அதாவது ஏறத்தாழ 130 மி.மீ., உள்ளே இருக்கும் ரிம் 15 அங்குலம் என்று பொருள். கூரான குழிக்குள் சக்கரம் இறங்கும்போது வில்லும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த சஸ்பென்ஷன் விழித்துக்கொள்வதற்கு முன்பே அடியை வாங்கி நசுங்கி எழுவது அந்த ரப்பர்ச் சுவரும் உள்ளிருக்கும் காற்றும்தான். எக்ஸ்டரின் உயர் வகைகளில் வரும் 175/65 ஆர்15 டயரில் அது 114 மி.மீ. அளவுதான் தேறுகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பஞ்ச் காரிலேயே கூடுதல் காசு கொடுத்தால் குறைவான ரப்பர்தான் கிடைக்கிறது. நான் வாங்கிய காலத்தில் பியூர், அட்வென்ச்சர், அக்கம்ப்ளிஷ்டு, கிரியேட்டிவ் என்று நான்கு படிநிலைகள். உச்சியில் இருந்த கிரியேட்டிவில் 16 அங்குல அலாய் (கலப்பு உலோக) சக்கரமும் 195/60 ஆர்16 டயரும் வந்தன. அதன் சுவர் 117 மி.மீ. இரண்டாம் படியான அட்வென்ச்சரில் 15 அங்குல ஸ்டீல் ரிம்முடன் 130 மி.மீ. சுவர். மொத்த விட்டம் இரண்டுக்கும் 640 மி.மீ. சுற்றில் ஒன்றேதான் என்பதால் தரை இடைவெளியில் இழப்பில்லை. பார்வைக்கு அலாய் அழகு, மறுக்கவில்லை. என் முடிவை உறுதி செய்தவர் எங்கள் தெருமுனைப் பட்டறைக்காரர். உடன் வேலை பார்க்கும் ஒருவருடைய காரின் அலாய் சக்கரம் குழியில் மோதிக் கீறல் விட்டு அங்கே சாத்தி வைத்திருந்தது. விரலால் அந்தக் கீறலைத் தடவிக் காட்டி, "ஸ்டீல் ரிம்மு வளைஞ்சா நான் தட்டி பெண்ட் எடுத்துத் தந்துருவேன் டீச்சர். இது விட்டுச்சுன்னா புதுசுதான்" என்றார். அன்று மாலையே அட்வென்ச்சருக்கு முன்பணம் கட்டிவிட்டோம்.

இனி ஓட்டம். பஞ்ச் ஆயிரம் கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ள வண்டி, 187 மி.மீ. தரை இடைவெளி. கூரான குழியில் இறங்கும்போது அடியின் சத்தம் காதில் விழுகிறது, ஆனால் உடம்புக்கு வந்து சேருவது அதில் பாதிதான். கரிசல் அலைகளில் மணிக்கு 40, 45 வேகத்தில் போனால் ஒரு முறை எழுந்து ஒரு முறை அமர்கிறதே ஒழிய ஊஞ்சலாடுவதில்லை. என் தோழி ஒருத்தி நாள்தோறும் தூக்குச்சட்டியில் மோர் கொண்டுவருவாள். அவளுடைய அளவுகோல் அதுதான்: ஷேர் ஆட்டோவில் வந்த காலத்தில் மூடியைச் சுற்றித் துணி கட்டி, அதற்கு மேல் பாலிதீன் பையும் போடுவாள். இப்போது சட்டியை மடியில்கூட வைப்பதில்லை, காலடியில் வைத்துவிட்டுத் தூங்குகிறாள்.

வாங்கிய முதல் மாதத்தில் வண்டி இப்படி இருக்கவில்லை. கல்லில் ஓட்டுவதுபோல் இருந்தது. காரணம் காற்று. பஞ்சர் கடைகளில் எந்த வண்டி போனாலும் அளவு கேட்காமல் அழுத்தி நிரப்பி அனுப்பும் பழக்கம் இருக்கிறது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் எவ்வளவு காற்று என்று அச்சிட்டிருக்கிறது. அதைப் படித்துச் சொல்லி, காலையில் டயர் சூடாகாத நேரத்தில் அந்த அளவுக்குக் குறைத்த பிறகுதான் நாங்கள் கொடுத்த பணத்துக்கான சுகம் தெரிந்தது. குறைத்தால் இன்னும் மெத்தென்று இருக்குமே என்று தாளில் சொன்ன அளவுக்கும் கீழே இறக்கிவிடவும் கூடாது. குழி விளிம்பில் டயரின் சுவர் ரிம்முக்கும் தாருக்கும் இடையே கடிபட்டு உள்நூல் அறுந்து, பக்கவாட்டில் கொப்புளம் கிளம்பும்.

சிக்கனத்தில் இது முதலிடம் பெறும் வண்டி அல்ல என்பதை வாங்கும்போதே அறிந்திருந்தோம். நிறுவனத்தின் கணக்கு லிட்டருக்கு 20.09 கி.மீ. எங்கள் தடத்தில், இரண்டாம் மூன்றாம் கியரிலேயே பாதி வழி கழிவதால், டேங்க் நிரப்பி நிரப்பி நான் எழுதி வைத்த சராசரி 16.5. மாதம் 24 வேலை நாளுக்கு 1,300 கி.மீ. என்றால் 79 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் எட்டாயிரம் ரூபாய். மூவர் பங்கிட்டால் ஆளுக்கு 2,700 ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. இதே தடத்தில் வேகன்ஆர் வைத்திருக்கும் ஆசிரியர் ஒருவர் 20 கிடைப்பதாகச் சொல்கிறார். அந்தக் கணக்கில் மாதம் 1,400 ரூபாய் அவருக்கு மிச்சம். அந்தத் தொகையை இடுப்புக்காக நான் செலவிடுகிறேன் என்று வைத்துக்கொள்ளலாம். சிஎன்ஜி வகையும் உண்டு, கிலோவுக்கு 26.99 கி.மீ. என்கிறார்கள், நான் போகும் வழியில் சிஎன்ஜி பங்க் இல்லை, எரிவாயு போட வேறு ஊருக்குப் போய் வரிசையில் நிற்பது சிக்கனமாகாது.

மூன்று சிலிண்டர், 1,199 சிசி இன்ஜினுக்கே உரிய மெல்லிய அதிர்வு சிக்னலில் நிற்கும்போது தெரியும். எக்ஸ்டரை ஓட்டிவிட்டு இதில் ஏறுபவர்களுக்கு அது கூடுதலாகவே தெரியும். லாரியை முந்த வேண்டுமானால் கியரைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். விரைந்து பாயும் வண்டி இது அன்று. புழுதி கிளப்பிக்கொண்டு எதிரே லாரி வரும் சாலையில் பாய வேண்டிய தேவையும் எனக்கில்லை. அந்த லாரிகளை நினைத்துத்தான் மற்றோர் எண்ணையும் பார்த்தோம்: 2021 அக்டோபரில் குளோபல் என்கேப் நடத்திய மோதல் சோதனையில் பஞ்ச் பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரம் பெற்றது, 2023இல் வேகன்ஆருக்கு அதே அமைப்பு கொடுத்தது ஒன்று.

மாமியாரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வீட்டில் கேள்வி வரும். கதவுகள் நான்கும் 90 பாகைக்குத் திறக்கின்றன. இருக்கை, நிற்கும் ஒருவரின் இடுப்பு உயரத்துக்குச் சற்றுக் கீழே இருப்பதால், அவர் முதலில் திரும்பி உட்கார்ந்து, பிறகு புடவைக் கொசுவத்தை ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக் காலை உள்ளே எடுத்துவைக்கிறார். மருத்துவமனைக்குப் போகும் நாளில் ஆட்டோவே வேண்டும் என்று அடம்பிடித்தவர், இப்போது "என் வண்டி எங்கே?" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டார்.

பராமரிப்பில் ஒரு குறிப்பு. இத்தகைய சாலையில் எந்த நிறுவனத்தின் வண்டியானாலும் சஸ்பென்ஷனில் உள்ள லிங்க் ராடும் ரப்பர் புஷ்களும் நகரத்து வண்டிகளைவிடச் சீக்கிரம் தேயும்; சக்கரங்களின் நேர்நிலையான வீல் அலைன்மென்ட்டும் அடிக்கடி விலகும். சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன இடைவெளிக்குக் காத்திராமல் 5,000 கி.மீ.க்கு ஒரு முறை அலைன்மென்ட் பார்த்துவிடுகிறேன். அதற்கும் சேர்த்து மாதச் செலவைக் கணக்கிடாதவர்கள், சிக்கனக் கார் வாங்கியும் ஏன் கட்டுப்படியாகவில்லை என்று வியந்துகொண்டிருப்பார்கள். புதிதாக வாங்குபவர்களுக்கு எனக்குக் கிடைக்காத ஒரு சலுகையும் இருக்கிறது: 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜினும் உள்ள கார்களுக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடாகக் குறைந்தது. நான் குறிப்பிட்ட நான்கும் அந்த வரம்புக்குள் வருபவையே.

38,000 கிலோமீட்டரில் முன் டயர்களின் பட்டை தேய்ந்து, தேய்மான அளவைக் காட்டும் மேடு தெரியத் தொடங்கிவிட்டது. சென்ற வாரம் டயர் கடையில், பழைய ரிம்மை எடுத்துக்கொண்டு 16 அங்குல அலாய் போட்டுத் தருகிறேன், வண்டிக்கே தனிக் களை வந்துவிடும் என்று கடைக்காரர் பத்து நிமிடம் பேசினார். டீ வாங்கிக் கொடுத்தார், குடித்தேன். பிறகு 185/70 ஆர்15, இரண்டு டயர் என்று துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.