தூக்கமின்மையை அளப்பது எப்படி: நாட்குறிப்பும் வினாத்தாளும் நெடுநாள் பயன்பாட்டில்

தூக்கம் வராமல் அவதிப்படுபவர் யாரைக் கேட்டாலும் இரவு முழுக்கக் கண் மூடவே இல்லை என்பார். அந்த வேதனை மெய்யானது. ஆனால் சிகிச்சை பலிக்கிறதா இல்லையா என்பதை அதை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. நாள்பட்ட தூக்கமின்மைக்குச் சிகிச்சை எடுத்த காலம் முழுவதும் தூக்க நாட்குறிப்பு, தூக்கமின்மையின் கடுமையை அளக்கும் இன்சோம்னியா சிவியரிட்டி இண்டெக்ஸ் என்னும் வினாத்தாள், ஸ்மார்ட் வாட்ச் ஆகிய மூன்றையும் பயன்படுத்தினேன். முதல் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் நிலைமை தெளிவாகிறது என்பது என் உறுதியான கருத்து.

நாட்குறிப்பைக் காலையில் எழுந்ததும் நிரப்ப வேண்டும். படுத்த நேரம், தூக்கம் பிடிக்க ஆன நேரம், நடுவில் விழித்துக் கிடந்த நேரம், எழுந்த நேரம் ஆகியவற்றை உத்தேசமாகக் குறித்தால் போதும். துல்லியம் வேண்டுமென்று இரவில் கடிகாரத்தைப் பார்ப்பது தூக்கத்தை இன்னும் விரட்டும். தூங்கிய நேரத்தைப் படுக்கையில் கழித்த நேரத்தால் வகுத்தால் கிடைப்பது தூக்கத் திறன். 85 சதவீதமும் அதற்கு மேலும் பொதுவாக நல்ல அளவு.

என் தொடக்கக் குறிப்பு ஒன்றில், இரவு 10.30-க்குப் படுத்துக் காலை 6.30-க்கு எழுந்திருக்கிறேன். தூக்கம் பிடிக்க ஒன்றரை மணி நேரம், நடுவில் விழிப்பு ஒரு மணி நேரம். எட்டு மணி நேரத்தில் தூங்கியது ஐந்தரை. அதாவது ஏறக்குறைய 69 சதவீதம். தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் பகுதியாகப் படுக்கை நேரத்தை நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை என்று சுருக்கிய பிறகு, தூங்கியது ஐந்தே கால் மணி நேரம். திறனோ 87 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. மொத்தத் தூக்கத்தை மட்டும் பார்ப்பவர், நிலைமை மோசமாகிறது என்று அந்தக் கட்டத்திலேயே சிகிச்சையைக் கைவிட்டிருப்பார். திறன் நிலைத்த பின்னரே படுக்கை நேரத்தைக் கால் மணி, அரை மணியாகக் கூட்டுவார்கள். ஆனால் பகலில் கண் சொருகும் அந்த நாட்களில் வாகனம் ஓட்டுவது ஆபத்து. வலிப்பு நோயோ இருமுனை மனநோயோ உள்ளவர்கள் மருத்துவரின் மேற்பார்வையின்றி இதில் இறங்கவே கூடாது.

கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஏழு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 28 என்பது வினாத்தாளின் அமைப்பு. 8-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 15 முதல் 21 வரை மிதமான தூக்கமின்மை. 22-ம் அதற்கு மேலும் கடுமையானது. ஏழு புள்ளிகளுக்கு மேல் குறைந்தால் சிகிச்சைக்குப் பலன் கிடைத்ததாக வழக்கமாகக் கொள்கிறார்கள். எனக்கு 19 ஆக இருந்தது 9-க்கு வந்தது. பலன் உண்டு, ஆனால் முழுமையாகத் தீரவில்லை. தனித்தனிக் கேள்விகளைப் பார்த்தபோது, இரவுகள் சீரான பின்னும் தூக்கத்தைப் பற்றிய கவலைக்கான மதிப்பெண் மட்டும் இறங்காமல் நின்றது. அடுத்து எதைக் கவனிக்க வேண்டும் என்பது சிகிச்சையாளருக்கும் எனக்கும் அங்கேதான் விளங்கியது. நாட்குறிப்பு ஒருபோதும் காட்டாத விஷயம் இது.

ஸ்மார்ட் வாட்சைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெரிதும் உடல் அசைவை வைத்தே கணக்கிடுவதால், விழித்தபடி அசையாமல் கிடப்பதையும் தூக்கமாகவே எண்ணிவிடுகிறது. தூக்கமின்மை உள்ளவர்கள் செய்வதோ பெரும்பாலும் அதுதான். காலையில் அதன் மதிப்பெண்ணைப் பார்ப்பதே புதிய பதற்றமானதால் கழற்றி வைத்துவிட்டேன்.

தூக்க ஆய்வகத்தில் ஓர் இரவு தங்கிச் செய்யும் பாலிசோம்னோகிராபி, சாதாரணத் தூக்கமின்மைக்கு வழக்கமாகத் தேவைப்படுவதில்லை. பலத்த குறட்டை, மூச்சுத் திணறி விழித்தல், போதிய நேரம் தூங்கியும் பகலில் அடங்காத உறக்கம் ஆகியவை இருந்தால் தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு நிற்கும் மூச்சுத் தடையைச் சந்தேகிக்க வேண்டும்; அப்போது நாட்குறிப்பை நம்பிக் காத்திராமல் அந்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள்.