கிட் காருக்கு எந்தப் பின்விளக்கு? ஐ.வி.ஏ.வுக்குப் போகும் முன் ஓர் ஒப்பீடு

பிரிட்டனில் யார் வேண்டுமானாலும் பாகங்களை வாங்கித் தன் வீட்டு கராஜில் ஒரு காரைக் கட்டலாம்; அதுதான் கிட் கார். ஆனால் கட்டி முடித்த கையோடு சாலையில் இறக்கிவிட முடியாது. டி.வி.எஸ்.ஏ. என்ற அரசு அமைப்பு நடத்தும் ஐ.வி.ஏ. (தனி வாகன ஒப்புதல்) பரிசோதனையில் தேறினால்தான் பதிவு எண் கிடைக்கும். பழைய எஸ்.வி.ஏ. பரிசோதனைக்குப் பதிலாக 2009-இல் வந்தது இது. எஞ்சின், சேஸி, பிரேக் என்று மாதக்கணக்கில் பாடுபடுகிறவர்கள் பின்விளக்கை மட்டும் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடுகிறார்கள். அங்கேதான் ஃபெயில் ஆகிறார்கள். லோட்டஸ் செவன் என்ற தாழ்ந்த, திறந்த ஸ்போர்ட்ஸ் காரின் பாணியில் நான் கட்டிய காரும் முதல் தடவை அதில்தான் மாட்டியது. பின் ஃபாக் லைட்டுக்கும் (மூடுபனியில் போடுவது) பிரேக் லைட்டுக்கும் நடுவே 100 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டும். என் காரில் இருந்தது 85. அளந்து பார்க்காமல் கண் மதிப்பில் துளை போட்டதன் பலன். மீண்டும் நாள் வாங்கி, மீண்டும் கட்டணம் கட்டி, நல்ல ஃபைபர்கிளாஸில் இன்னொரு துளை போட வேண்டியதாயிற்று.

ஆகவே விளக்கு வாங்கக் கிளம்பும் முன் அளவுகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். டெயில் லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர் மூன்றும் தரையிலிருந்து 350 முதல் 1500 மில்லிமீட்டர் உயரத்துக்குள் இருக்க வேண்டும். இடது வலது ஜோடிக்கு நடுவே குறைந்தது 600. டெயில் லைட்டும் இண்டிகேட்டரும் காரின் வெளி ஓரத்திலிருந்து 400-க்கு மேல் உள்ளே தள்ளி இருக்கக் கூடாது. ஃபாக் லைட் 250 முதல் 1000-க்குள். ஒன்றே ஒன்று வைத்தால் நடுவிலோ, ஓட்டுநர் உட்காரும் வலப்பக்கத்திலோ. ரிவர்ஸ் லைட் 250 முதல் 1200. ரிஃப்ளெக்டர் 250 முதல் 900.

செவன் மாதிரி தாழ்ந்த காரில் உயரம் ஒரு பிரச்சினையே இல்லை. கழுத்தைப் பிடிப்பது கோணம்தான். டெயில் லைட்டும் இண்டிகேட்டரும் வெளிப்பக்கம் 80 டிகிரி, உள்பக்கம் 45 டிகிரி வரை மறைப்பில்லாமல் தெரிய வேண்டும். பிரேக் லைட்டுக்கு இரு பக்கமும் 45. மேலும் கீழும் 15 டிகிரி. விளக்கு 750 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் கீழ்ப்பக்கம் 5 போதும். ஸ்டெப்னியைப் பின்னால் தொங்கவிடும் ஆசை இருந்தால், அது உள்பக்கக் கோணத்தை மறைக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு சதுரக் காகிதத்தை மூலைக்கு மூலை மடித்தால் 45 டிகிரி கிடைத்துவிடும். அதை லென்ஸின் ஓரத்தில் வைத்து, மடிப்பின் வழியே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் டயரில் இடித்தால் அந்த இடம் ஆகாது.

இனி போட்டியாளர்களுக்கு வருவோம்.

முதலாவது, டோனர் கார் விளக்கு. எந்தக் காரிலிருந்து எஞ்சினும் கியர்பாக்ஸும் எடுத்தோமோ அதன் விளக்கையே மாட்டிவிடுவது. கூடுதல் செலவில்லை, எல்லாம் ஒரே கூட்டில் அடங்கும், லென்ஸில் ஒப்புதல் முத்திரையும் ஏற்கெனவே இருக்கும். மஸ்டா எம்.எக்ஸ்-5 இப்போது அடிக்கடி டோனராகிறது. அதன் முதல் தலைமுறைப் பின்விளக்கு நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் தொகுப்பிலேயே இடம்பிடித்த அழகு. ஆனால் அந்த அழகு அந்தக் காரின் வளைவுக்காகச் செதுக்கியது. செவனின் ஒல்லியான மட்கார்டில் அதை வைக்க இடமே இல்லை. பின்பக்கம் அகலமாக உள்ள பாடியென்றால் யோசிக்கலாம். இன்னொரு எச்சரிக்கை: டோனர் கார் வேறு சந்தைக்காகச் செய்து இறக்குமதியானதாக இருந்தால், லென்ஸில் ஐரோப்பிய முத்திரை இருக்கிறதா என்று பார்த்தபிறகே நம்புங்கள். பல அமெரிக்க விளக்குகளில் இண்டிகேட்டரே சிவப்பாக எரியும். கோப்ரா என்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரின் நகலைக் கட்டுகிறவர்கள் அந்தத் தோற்றத்தில் மயங்குவதுண்டு. இங்கே இண்டிகேட்டர் ஆம்பர் நிறத்தில்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது, டிரெய்லர் விளக்கு. நீள்சதுரப் பெட்டி, பின்னால் இரண்டு போல்ட். எல்லாவற்றையும்விட மலிவு, எங்கும் கிடைக்கும், உடைந்தால் அரை மணி நேரத்தில் மாற்றலாம். இதில் ஒரு பொறி உண்டு. பல டிரெய்லர் விளக்குகளில் முக்கோண ரிஃப்ளெக்டர் கூடவே வரும். முக்கோணம் டிரெய்லருக்கு மட்டுமே உரிய அடையாளம். இரவில் பின்னால் வருகிறவருக்கு "முன்னே இழுபட்டுப் போவது டிரெய்லர்" என்று சொல்வது அது. காரில் முக்கோணம் இருக்கக் கூடாது. ரிஃப்ளெக்டர் சதுரமாகவோ வட்டமாகவோ உள்ள வகையைத் தேடி எடுங்கள். அப்படி எடுத்தாலும் இவை தட்டையான பரப்பில்தான் ஒழுங்காக உட்காரும். தோற்றமும் எனக்கு ஒப்பவில்லை. ஈராண்டு உழைத்த காருக்குப் பின்னால் போய் நிற்கும்போது மனசு நிறைய வேண்டாமா?

மூன்றாவது, தனித்தனி வட்ட விளக்குகள், லேண்ட் ரோவர் டிஃபெண்டரில் பார்த்திருப்பீர்களே, அந்தப் பாணி. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வட்டம். டெயிலும் பிரேக்கும் சேர்ந்ததில் 21/5 வாட் பல்பு, இண்டிகேட்டரில் 21 வாட். எந்த விளக்கை எங்கே வைப்பது என்ற முடிவு நம் கையில் இருப்பதுதான் இதன் பெரிய பலம். என் காரில் இரண்டாம் முறை மட்கார்டில் டெயில்-பிரேக்கும் இண்டிகேட்டரும் மட்டும் இருந்தன. ஃபாக்கையும் ரிவர்ஸையும் கீழே தனி பிராக்கெட்டில் இறக்கிவிட்டேன். 100 மில்லிமீட்டர் தகராறு அதோடு தீர்ந்தது. குறை என்றால் துளைகள் அதிகம், வயர் அதிகம், ரிஃப்ளெக்டர் தனியாக வாங்க வேண்டும். பிராக்கெட்டின் ஓரங்களையும் உருட்டிவிட வேண்டும்; வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் எதற்கும் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரம் கேட்பார்கள்.

நான்காவது எல்.இ.டி. பார்க்க நவீனம், சட்டென்று எரியும், அதிர்வில் இழை அறுந்துபோகும் பயம் இல்லை, கரன்ட்டும் கொஞ்சம்தான் இழுக்கும். அந்தக் கடைசி நன்மைதான் தலைவலியாகவும் ஆகிறது. இண்டிகேட்டரை மின்ன வைக்கும் பழைய பாணி ஃபிளாஷர் ரிலே, 21 வாட் பல்புகள் இழுக்கும் கரன்ட்டை நம்பி வேலை செய்வது. சுமை குறைந்தால் பல்பு போய்விட்டதாக நினைத்துப் படபடவென்று அடிக்கும். நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை என்பதுதான் அனுமதி. சிலர் 6 ஓம் ரெசிஸ்டரை இணைத்துச் சமாளிக்கிறார்கள். அது 25 வாட்டுக்கு மேல் வெப்பமாக்கும். ஃபைபர்கிளாஸை ஒட்டி வைத்தால் பாடியே கருகும். சுமையைப் பார்க்காத எலக்ட்ரானிக் ரிலே ஒன்று வாங்கிப் போடுவதுதான் சரியான வழி.

சாதாரண விளக்குக்குள் எல்.இ.டி. பல்பை மட்டும் மாற்றி மாட்டலாமே என்று கேட்பார்கள். கூடாது. லென்ஸும் ரிஃப்ளெக்டர் கிண்ணமும் அந்த இழை பல்போடு சேர்த்துச் சோதித்து வாங்கிய முத்திரை அது. பல்பு மாறினால் முத்திரைக்குப் பொருளில்லை.

முத்திரையைப் படிக்கவும் பழகிக்கொள்ளுங்கள். வட்டத்துக்குள் 'ஈ', பக்கத்தில் ஓர் எண். 1 ஜெர்மனி, 4 நெதர்லாந்து, 11 பிரிட்டன். எந்த நாடு ஒப்புதல் தந்தது என்பதைச் சொல்வது அது. எங்கே தயாரானது என்பதை அல்ல. கூடவே வேலையைச் சொல்லும் குறிகள்: 'ஆர்' டெயில் லைட், 'எஸ்1' பிரேக், '2ஏ' பின் இண்டிகேட்டர், 'எஃப்' ஃபாக், 'ஏஆர்' ரிவர்ஸ், 'ஐஏ' ரிஃப்ளெக்டர். பரிசோதகர் டார்ச்சோடு குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இணையத்தில் மலிவாக வரும் எல்.இ.டி.களில் பலவற்றில் இந்தக் குறிகள் இருப்பதில்லை. படத்தில் லென்ஸின் எழுத்து தெரியாவிட்டால் வாங்க வேண்டாம்.

என் தேர்வு மூன்றாவது. அதிலும் 95 மில்லிமீட்டர் அளவு. பல்பு வகையும் எல்.இ.டி. வகையும் இதே அளவில் பலர் செய்வதால், நாளைக்கு முத்திரையுள்ள எல்.இ.டி.க்கு மாற நினைத்தாலும் அதே துளை போதும். பரிசோதனைக்கு மட்டும் ஒரு செட் மாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கழற்றி முத்திரையில்லாத அழகு விளக்கைப் போடும் பழக்கம் இங்கே உண்டு. அதை என்னால் ஏற்க முடியவில்லை. நம் கார் தரையோடு தரையாகப் போவது. மழையில் பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு நம்மைக் காட்டுவது இந்தச் சின்ன விளக்குகள் மட்டும்தான்.

மட்கார்டு சரிவாக இருப்பதால் விளக்கை அப்படியே பதித்தால் அது வானத்தையோ தரையையோ பார்க்கும். அடியில் ஆப்பு வடிவ ரப்பர் கட்டை வைத்து நேர் பின்னால் பார்க்கத் திருப்புங்கள். துளையிடும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, ட்ரில்லை முதலில் ரிவர்ஸில் ஓட்டி மேல்பூச்சைச் சுரண்டிவிட்டு, பிறகு நேராகத் துளையுங்கள். பூச்சு விரிசல் விடாது. ஃபைபர்கிளாஸில் மின்சாரம் போகாது என்பதால் ஒவ்வொரு விளக்குக்கும் சேஸி வரை தனி எர்த் வயர் இழுக்க வேண்டும். முடிந்ததும் இருட்டில் ஒருவரைப் பின்னால் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி இண்டிகேட்டரைப் போடுங்கள். இண்டிகேட்டர் மின்னும்போதெல்லாம் பிரேக் லைட்டும் மங்கி மங்கி எழுந்தால் எர்த் சரியில்லை. அந்த வளையத்தைக் கழற்றி, சேஸியில் பெயின்டை உலோகம் தெரியச் சுரண்டி, மறுபடி இறுக்குங்கள்.