வெயிலுக்கும் மாரிக்கும் ஏற்ற இனிப்புப் பொப்கோர்ன்: வன்னி அடுப்படியில் நீண்டகாலம் செய்து பார்த்ததில்

வீட்டில் பிள்ளைகளுக்கு இனிப்புப் பொப்கோர்ன் செய்பவர்களிடம் கேட்டால் முறைப்பாடு இரண்டுதான் வரும். ஒன்று, சட்டியின் அடியில் பாதி மணி பொரியாமல் கிடக்கிறது. மற்றது, இறக்கும்போது மொறுமொறுவென்று இருந்தது பிள்ளை ரியூசன் முடிந்து வருவதற்குள் சவுத்துப்போகிறது. இரண்டுக்கும் காரணம் ஈரம்தான். மணிக்குள்ளே ஈரம் குறைந்தால் பொரியாது. பொரிந்த பிறகு வெளியிலிருந்து ஈரம் ஏறினால் மொறுமொறுப்பு நிற்காது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் எல்லாம் வறண்டு கிடக்கும். ஐப்பசி பிறந்து மாரி தொடங்கினால் உப்புப் போத்தலே கசியும். ஒரே அளவு, ஒரே செய்முறை இரண்டு காலத்துக்கும் சரிவராது. எங்கள் அடுப்படியில் இப்போது நிலைத்து நிற்பது மூன்று முறைகள். அவற்றைச் சொல்லமுன், சோளத்தைப் பற்றியும் சட்டியைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும்.

பொரிகிற சோளம் தனி இனம். மாரிக்கு மேட்டுக்காணியில் போடுகிற சோளன் அவிக்கவும் சுடவும் கோழித்தீனிக்கும் நல்லது. அதைக் காயவைத்துச் சட்டியில் போட்டால் சிலது வெடித்துக் கீறும், சிலது கருகும், பூக்காது. பொப்கோர்ன் மணியின் தோல் கெட்டியானது. உள்ளே நூற்றுக்கு 13 தொடக்கம் 14 வரை ஈரம் இருந்தால், 180 பாகை செல்சியஸ் அளவில் அது ஆவியாகி, ஏறத்தாழ 9 வளிமண்டல அமுக்கம் வரை ஏறித் தோலைக் கிழிக்கும். உள்ளிருக்கும் மா அந்தக் கணத்தில் நுரைத்து வெளியே வந்து இறுகிவிடும். தோலில் சின்னக் கீறல் இருந்தாலே ஆவி கசிந்துவிடும். அந்த மணி பொரியாது. ஆகவே கடையில் பைக்கற்றைக் கையில் எடுத்ததும் அடியைப் பாருங்கள். தூளும் உடைந்த மணியும் கிடந்தால் அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பது நல்லது.

வாங்கிய சோளம் எப்படி என்று அறிய 100 மணியை எண்ணிப் பொரித்துப் பாருங்கள். 10க்குள் மிஞ்சினால் நல்ல சோளம். 20க்கு மேல் மிஞ்சினால் காய்ந்துபோன சோளம். காய்ந்ததை எறியத் தேவையில்லை. அரைக் கிலோ அளவு சோளத்தை இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் போட்டு, ஒரு மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் விட்டு நன்றாகக் குலுக்குங்கள். முதல் நாள் அடிக்கடி குலுக்கவேண்டும். 2, 3 நாளில் மணி தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். போத்தலின் உட்பக்கத்தில் துளி எதுவும் தெரியாதபோதுதான் பொரிக்கவேண்டும். அவசரப்பட்டால் பொரி தடித்து, சவ்வாக வரும். சோளகக் காலத்தில் பைக்கற்றை வெட்டி ரப்பர் பாண்ட் போட்டு வைத்த சோளத்துக்கு இந்த வைத்தியம் அநேகமாகத் தேவைப்படும். வெட்டிய அன்றே போத்தலுக்கு மாற்றிவிட்டால் தேவைப்படாது. பிறிஜ்ஜில் வைக்கவேண்டாம், அது இன்னும் உலர்த்திவிடும்.

சட்டி விஷயத்தில் எங்கள் தெரிவு, அடி தடித்த 5 லீற்றர் அலுமினியச் சட்டி. 80 கிராம் சோளம், அதாவது தேத்தண்ணிக் கோப்பையில் அரைவாசி, பொரிந்தால் 3 லீற்றரைத் தொடும். மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தில் அடுப்புச் சுவாலை படுகிற இடம் மட்டும் கருகும். குக்கரின் அடி நல்ல தடிப்பு, பயன்படுத்தலாம். ஆனால் குக்கர் மூடியைப் பூட்டவே கூடாது, மேலே சாதாரணத் தட்டு ஒன்றைக் கவிழ்த்தால் போதும். மண்சட்டி சூட்டைப் பிடித்து வைத்திருக்கும் என்பது கறிக்கு நல்லது, பாகுக்குக் கூடாது: இறக்கி வைத்த பிறகும் கொதித்துப் பாகு கறுத்துக் கசக்கும். விறகடுப்பு என்றால் சுவாலையை அடக்கித் தணலில் செய்யுங்கள். திருவிழாக் கச்சான் கடையில் மணலில் வறுப்பதும் சூடு எல்லாப் பக்கமும் ஒரேயளவாய்ப் பரவவேண்டும் என்றுதான். வீட்டில் அந்த வேலையை எண்ணெய் செய்கிறது.

அவசரத்துக்கு: சீனி போட்டுப் பொரிப்பது

80 கிராம் சோளம், 2 மேசைக்கரண்டி எண்ணெய், 3 மேசைக்கரண்டி சீனி, ஒரு சிட்டிகை உப்பு. சாதாரணத் தேங்காயெண்ணெய் போதும். செக்கு எண்ணெய் வாசம்தான், ஆனால் சோளம் பொரிகிற சூட்டுக்குக் கிட்ட வரும்போதே புகையத் தொடங்கிவிடும். எண்ணெயோடு 3 மணியை மட்டும் போட்டு மூடுங்கள். மூன்றும் வெடித்ததும் மிச்சச் சோளம், சீனி, உப்பு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, ஒருமுறை கிளறி, மூடி, சட்டியை இரு கைப்பிடியிலும் துணியால் பிடித்து விடாமல் குலுக்கவேண்டும்.

விடாமல் என்றால் விடாமல்தான். சீனி 170 பாகையில் நிறம் மாறத் தொடங்கும். சோளம் 180இல் பொரியும். இந்த 10 பாகை இடைவெளிக்குள்தான் முழு வேலையும் நடக்கிறது. 5 விநாடி சட்டியை அப்படியே விட்டால் அடியில் கறுத்த வில்லை ஒன்று பிடிக்கும், அதன் புகை வாசம் முழுவதிலும் ஏறும். வெடிச்சத்தம் 2 விநாடிக்கு ஒன்றாகக் குறைந்ததும் இறக்கி, உடனே அகலமான தட்டத்தில் கொட்டிப் பரப்புங்கள். மிச்சம் பொரியட்டும் என்று காத்திருக்கவேண்டாம், கொஞ்சம் மிஞ்சினால் மிஞ்சட்டும். பொரியும்போது மூடியை ஒரு பக்கம் நூலளவு நீக்கி வைப்பதும் முக்கியம். ஒவ்வொரு மணியும் ஆவியை விடுகிறது. அது வெளியே போகாவிட்டால் பொரி தன் ஆவியிலேயே அவிந்து தோல்போல இழுபடும்.

எல்லாம் 5 நிமிடத்தில் முடியும். இனிப்பு மெல்லியதாக, உப்போடு சேர்ந்து வரும். குறை ஒன்று: பூச்சு எல்லா மணியிலும் ஒரேமாதிரிப் பிடிக்காது. அதைப் பற்றிப் பிள்ளைகள் கவலைப்படுவதில்லை.

பனங்கட்டிப் பாகு

எங்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான். கடையில் விற்கிற கரமல் பொப்கோர்னுக்கு இல்லாத மணம் பனங்கட்டிக்கு உண்டு. வேலையும் இதில்தான் கூட.

முதலில் 80 கிராம் சோளத்தைச் சீனி இல்லாமல் பொரித்து, பொரியாத மணிகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுத்துவிடுங்கள். பாகுக்குள் மறைந்த ஒரு மணி பிள்ளையின் பல்லை உடைக்கும். பொரியைச் சூடு ஆறவிடாமல் அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். ஆறின பொரியில் பாகு பட்ட இடத்திலேயே கட்டியாகி நின்றுவிடும்.

100 கிராம் பனங்கட்டியை உடைத்து 3 மேசைக்கரண்டி தண்ணீரில் கரையுங்கள். குட்டான் பனங்கட்டி என்றால் ஓலைத்துண்டை மட்டும் எடுத்தால் போதாது. கருப்பணி இறக்கும்போது முட்டிக்குப் பூசுகிற சுண்ணாம்பின் படிவும், சிலவேளை மணலும் இருக்கும். கரைந்ததும் மெல்லிய துணியில் வடித்து, 5 நிமிடம் தெளியவிட்டு, அடி மண்டியை விட்டு மேலாக ஊற்றி எடுங்கள். பிறகு ஒரு மேசைக்கரண்டி நெய், கால் தேக்கரண்டி உப்பு சேர்த்து நடுத்தரத் தணலில் காய்ச்சவேண்டும்.

பதம் பார்க்கப் பக்கத்தில் ஒரு கோப்பை குளிர்ந்த தண்ணீர் வைத்திருங்கள். பாகு முதலில் பெரிய குமிழாகப் பொங்கும். பிறகு குமிழ் சிறுத்து, நெருங்கி, மினுமினுப்பாகி, அகப்பையால் இழுத்தால் சட்டியின் அடி ஒரு கணம் தெரியும். இந்த நேரம் ஒரு துளியைத் தண்ணீரில் விடுங்கள். விரலால் உருட்டினால் உருண்டையாகத் திரண்டால், அது பொரி உருண்டை பிடிக்கிற பதம், 120 பாகை அளவு. தனித்தனியாக மொறுமொறுவென்று வேண்டுமானால் இன்னும் காயவேண்டும். துளி தண்ணீருக்குள் விழுந்ததும் இறுகி, எடுத்து வளைத்தால் வளையாமல் ‘ரிக்’ என்று முறியும். கோப்பை விளிம்பில் தட்டினால் கல் பட்டதுபோலச் சத்தம் வரும். 140க்கு மேல் போனால்தான் இது கிடைக்கும். பனங்கட்டி வெள்ளைச் சீனியைவிட விரைவாகக் கருகும் என்பதால் கடைசி 2 நிமிடமும் தணலைக் குறைத்து, பக்கத்தை விட்டு நகராமல் நிற்கவேண்டும்.

இறக்கியதும் கால் தேக்கரண்டி அப்பச்சோடாவைத் தூவிக் கிளறுங்கள். பாகு நுரைத்து நிறம் வெளுக்கும். அந்த நுரைக்குள் இருக்கும் சின்னச் சின்னக் காற்றுக்குமிழ்தான் பூச்சைக் கடிக்க இலகுவாக்குகிறது. சோடா இல்லாவிட்டால் கண்ணாடிபோல இறுகும், சின்னப் பிள்ளைகளுக்குப் பல்லு நோகும். கூடப் போட்டால் சவர்க்கார வாசம் வரும், ஆகவே கால் தேக்கரண்டியைத் தாண்டவேண்டாம். நுரை அடங்கமுன் பொரியின் மேல் சுற்றி ஊற்றி, எண்ணெய் தடவிய இரண்டு மர அகப்பையால் அடியிலிருந்து தூக்கித் தூக்கிப் பிரட்டுங்கள். வறுத்துத் தோல் நீக்கிய கச்சான் ஒரு கைப்பிடியோ, வறுத்த எள்ளு 2 மேசைக்கரண்டியோ இந்த நேரத்தில் சேர்க்கலாம். எள்ளுத்தான் பனங்கட்டிக்கு நல்ல சோடி என்பது எங்கள் முடிவு.

போறணை உள்ளவர்கள் இதைக் குறைந்த சூட்டில் வைத்து உலர்த்துவார்கள். இல்லாதவர்கள் தோசைக்கல்லை மிகக் குறைந்த தணலில் வைத்து, அதன்மேல் சட்டியை ஏற்றி 5, 6 நிமிடம் மெதுவாகக் கிளறினால் அதே பலன். சூட்டில் இளகியதுபோலத் தெரியும், பயப்படவேண்டாம். தட்டத்தில் பரப்பி ஆறினதும் இறுகும். ஆறின பிறகும் பல்லில் ஒட்டினால் பாகு பதத்துக்கு முன்னமே இறக்கப்பட்டிருக்கிறது. மறுபடி தோசைக்கல்லில் ஏற்றினால் ஓரளவு திருந்தும்.

மாரிக்கு ஒரு மாற்றம். பனங்கட்டி காற்றில் உள்ள ஈரத்தை விரைவாக இழுக்கும், மழைநாளில் அன்றே சாப்பிட்டு முடிக்கவேண்டியதாகிவிடும். 50 கிராம் பனங்கட்டி, 50 கிராம் சீனி என்று பாதிக்குப் பாதி போட்டால் கூடுதலாக நிற்கும், மணமும் கெடாது. தனிச் சீனியிலேயே பாகு காய்ச்சுபவர்கள் 4, 5 துளி தேசிக்காய்ப்புளி விடுங்கள். விடாவிட்டால் கிளறும்போது சீனி மறுபடி மணல்மணலாகத் திரும்பிவிடும்.

பால்மாத் தூள்

பாகோடு மல்லுக்கட்ட நேரமில்லாதவர்களுக்கு இது. 3 மேசைக்கரண்டி சீனியை ஒரு ஏலக்காயோடு மிக்சியில் தூளாக்கி, 2 மேசைக்கரண்டி பால்மாவும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். சூடான பொரியில் ஒரு மேசைக்கரண்டி உருக்கிய நெய்யை நூல்போல விட்டுக் கிளறி, மூடியுள்ள வாளியில் போட்டு, தூளைத் தூவிக் குலுக்கவேண்டும். குலுக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம், இதில் மட்டும்தான் அவர்களுக்கு ஆபத்தில்லாத பங்கு உண்டு. நெய்க்குப் பதில் பட்டரோ மாஜரினோ போட்டால் பொரி சுருங்கும். இரண்டிலும் நூற்றுக்கு 16 அளவில் தண்ணீர் இருக்கிறது. மைலோ போன்ற மால்ட் தூள் ஒரு மேசைக்கரண்டி சேர்த்தாலும் நன்றாக வரும். நுவரெலியாக் குளிரில் எப்படியோ தெரியவேண்டியதில்லை, இங்கே நடுப்பகல் வெயிலில் சொக்கிலேற் பூச்சு நிற்காது, அதை விட்டுவிடலாம்.

4 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பொப்கோர்ன் எந்த வடிவிலும் கொடுக்கக்கூடாது. பொரியின் தோலும் பொரியாத மணியும் மூச்சுக்குழாயில் சிக்கும். கச்சான் சேர்த்ததும் அப்படித்தான். வன்னித் தேன் கையில் இருக்கிறதே என்று பாகில் சேர்ப்பவர்கள், ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தையின் வாயில் அது படாமல் பார்க்கவேண்டும். பாகு காயும் நேரம் பிள்ளைகள் அடுப்படியில் நிற்கக்கூடாது. கொதிதண்ணீர் வழிந்து போகும். பாகு தோலில் ஒட்டி நின்று சுடும். பட்டுவிட்டால் இழுத்துப் பிய்க்காமல் ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம் பிடித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

முற்றாக ஆறின பிறகுதான் அடைக்கவேண்டும். இளஞ்சூட்டில் மூடினால் மூடியில் வியர்த்து எல்லாம் ஒன்றாக ஒட்டும். பெரிய பேணியில் ஒன்றாகப் போடாமல் ஒருவேளைக்கு அளவான சின்னப் போத்தல்களில் பிரித்தால், திறக்கும் ஒவ்வொரு முறையும் முழுவதும் காற்றுப் படாது. வெயில் காலத்தில் பாகுப் பொரி ஒரு கிழமை நிற்கும். பால்மாப் பொரி அடுத்த நாளைத் தாண்டாது. பிறந்தநாளுக்கென்று கூடச் செய்யும்போதும் 80 கிராம் வீதமே பல தடவையாகப் பொரியுங்கள். அளவை இரட்டித்தால் மேல்மணி பூக்கமுன் அடிமணி கருகும்.

சட்டியில் பாகு இறுகிப்போனால் கத்தியால் சுரண்டவேண்டாம். பாகு மூடத் தண்ணீர் விட்டு, கரண்டியையும் அதற்குள்ளேயே போட்டுக் கொதிக்கவிட்டால் 5 நிமிடத்தில் எல்லாம் கரைந்துவிடும்.