கிளாரினெட் கிரேடு எக்ஸாம்: மூன்று கிரேடு முடித்தவனின் ரிவியூ

முப்பத்தெட்டு வயதில் கிளாரினெட் வாங்கினேன். பெட்டியைத் திறந்ததும் அம்மா கேட்டது, "இது கல்யாண பேண்டுல ஊதுவாங்களே, அதுவாடா?" அதேதான் அம்மா. நான் ஊதப்போவது மட்டும் ஐந்து கோட்டு நொட்டேஷனைப் பார்த்து.

சென்னையில் பியானோவுக்கும் கிடாருக்கும் தெருவுக்குத் தெரு மாஸ்டர் கிடைப்பார், கிளாரினெட்டுக்கு அப்படி இல்லை. கிடைத்தவரும் வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் தருவார். மீதி ஆறு நாளும் நாம் சரியாகப் போகிறோமா, சும்மா ஊதிக்கொண்டிருக்கிறோமா என்று சொல்ல வீட்டில் ஆள் கிடையாது. அதற்காகத்தான் மேற்கத்திய இசையைப் படிப்படியாகச் சோதிக்கும் கிரேடு எக்ஸாம் பக்கம் போனேன், சர்டிபிகேட்டுக்காக இல்லை. இந்த வயதில் அதை எந்த ஹெச்ஆரிடம் காட்டுவது?

நான் போனது ஏபிஆர்எஸ்எம். லண்டனைச் சேர்ந்த போர்டு, 1889-லிருந்து இருக்கிறது. மொத்தம் எட்டு கிரேடு, அதற்கும் கீழே ஆரம்பக்காரர்களுக்கு ஒன்று. வயது வரம்பு இல்லை, வரிசையாகத்தான் போகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிராக்டிகல் எக்ஸாமுக்கு 150 மார்க்: மூன்று பீஸுக்கு (அதாவது தயார் செய்து வாசிக்கும் பாட்டுக்கு) முப்பது முப்பதாக 90, ஸ்கேலுக்கு (நம் ஆரோகண அவரோகணம் மாதிரி) 21, பார்த்தவுடன் வாசிக்கும் சைட் ரீடிங்குக்கு 21, காதைச் சோதிக்கும் ஆரல் டெஸ்டுக்கு 18. நூறு வந்தால் பாஸ், 120 மெரிட், 130 டிஸ்டிங்ஷன். ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியாகப் பாஸ் ஆகவேண்டியதில்லை, மொத்தம் நூறு வந்தால் போதும்.

நான் எடுத்தது ஒன்று, மூன்று, ஐந்து. மூன்றிலும் எனக்கு அதிகம் உதவியது எல்லோரும் முகம் சுளிக்கிற ஸ்கேல் பகுதிதான்.

கிளாரினெட்டுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. புல்லாங்குழலில் அதே விரலை வைத்துக்கொண்டு ஊதுவதை மாற்றினால் கீழ் ஸ வாசித்த இடத்தில் மேல் ஸ வரும். கிளாரினெட்டில் இடது கட்டைவிரலால் ரெஜிஸ்டர் கீயை அழுத்தினால் மேல் ஸ வராது, மேல் ஸ்தாயி பஞ்சமம் வரும். அதனால் நடுவே ஒரு இடைவெளி விழுகிறது, அதை நிரப்ப மேலே கழுத்துப் பக்கம் தனியாகச் சில கீகள். நொட்டேஷனில் ஏ என்ற ஸ்வரமாக எழுதியிருப்பதை வாசிக்க ஒரே ஒரு விரல் போதும், இடது ஆள்காட்டி விரலின் ஓரம் ஒரு கீயைத் தொடவேண்டும், அவ்வளவுதான். அதற்கு அடுத்த பி வேண்டுமென்றால் கட்டைவிரல், இடது கையில் மூன்று, வலது கையில் மூன்று, ஏதாவது ஒரு சுண்டு விரல் என்று எட்டு விரலும் ஒரே கணத்தில் இறங்கவேண்டும். இதற்குப் பெயர் பிரேக். வலது மோதிர விரல் ஓட்டையை ஒரு மயிரிழை மூடாமல் விட்டாலும் வாத்து கத்தும், பக்கத்து ஃபிளாட்டில் காலிங் பெல் அடிப்பார்கள்.

தானாக விட்டிருந்தால் நான் அந்த பிரேக்கைத் தாண்டியே இருக்க மாட்டேன். கீழ் ஸ்தாயியிலேயே குழைவாக எதையாவது வாசித்துக்கொண்டு, நமக்கு நல்ல டோன் இருக்கிறது என்று என்னை நானே மெச்சிக்கொண்டிருந்திருப்பேன். ஆனால் எக்ஸாமில் ஸ்கேலை நொட்டேஷன் பார்க்காமல் வாசிக்கவேண்டும், நாக்குத் தட்டியும் ஒன்று, ஒரே மூச்சில் இழைத்தும் ஒன்று. ஜி மேஜர் என்ற ஸ்கேலை இரண்டு ஆக்டேவ், அதாவது இரண்டு ஸ்தாயி, இழைத்துப் போகும்போது அந்த ஏ - பி சந்திப்பில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. மாஸ்டர் சொன்ன வழி எளிமையானது: "கீழ இருந்து வரும்போதே வலது கை விரலை எடுக்காதீங்க சார், ஓட்டை மேலயே இருக்கட்டும். ஏ வாசிக்கும்போது அது மூடியிருந்தா ஒண்ணும் ஆகாது." அதாவது பாதி விரல் முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொள்கிறது. இதைத் தினமும் பத்து நிமிடம் என்று மூன்று மாதம் செய்தேன். எக்ஸாம் தேதி என்று ஒன்று இல்லையென்றால் பத்து நாள்கூடச் செய்திருக்க மாட்டேன், என் லட்சணம் எனக்குத் தெரியும்.

சைட் ரீடிங்கும் அப்படித்தான். பார்த்தே இராத நாலு வரியைக் கொடுத்து அரை நிமிடம் தருவார்கள், அதற்குள் வாசித்துப் பார்க்கலாம். முதல் தடவை நான் அந்த அரை நிமிடமும் முதல் வரியையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன், மூன்றாவது வரியில் ஸ்வரத்தை அரைப்படி ஏற்றும் ஷார்ப் குறி வந்ததைக் கவனிக்கவே இல்லை. ஆரல் டெஸ்டில் தாளம் தட்டுவது, பியானோவில் வாசித்ததைத் திருப்பிப் பாடுவது. சின்ன வயதில் கச்சேரியில் தொடையில் தாளம் போட்டவர்களுக்கு முதல் பாதி அல்வா. இரண்டாவது பாதியில், நாற்பதை நெருங்கும் ஆள் முன்பின் தெரியாத எக்ஸாமினர் முன்னால் "லா லா" என்று பாடவேண்டும். நான் காதுவரை சிவந்துபோனேன், அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சரி, குறை. அந்த மூன்று பீஸ்தான் பொறி. ஒன்று முடிந்ததும் மூன்றுக்கான புத்தகத்தை வாங்கி அதிலிருந்து மூன்று பீஸைத் தேர்ந்தெடுத்து பதினோரு மாதம் அதை மட்டுமே வாசித்தேன். மார்க் நன்றாகவே வந்தது, மெரிட். அடுத்த வாரம் நண்பன் வீட்டில் "ஏதாவது வாசிடா" என்றபோது அந்த மூன்றைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை. அந்த மூன்றையும் வாசித்தேன், தீர்ந்துவிட்டது. ஒரு வருடத்துக்கு மூன்று பாட்டு! இதற்கு போர்டைக் குறை சொல்லமுடியாது, சிலபஸ் அதை மட்டும் வாசி என்று எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் முடிந்த மறுநாளே அடுத்த கிரேடு புத்தகத்தைக் கையில் திணிக்கும் மாஸ்டர்கள் உண்டு, எனக்கு முதலில் வாய்த்தவர் அந்த ரகம். ஐந்துக்குப் போகும் முன் மாஸ்டரை மாற்றினேன், புதியவர் ஒன்றரை வருடம் எக்ஸாமே வேண்டாம் என்றார். டூயட் வாசித்தோம், சினிமாப் பாட்டுகளைக் காதால் பிடித்தோம், கிரேடு இரண்டு அளவிலேயே இருபது முப்பது பீஸைச் சும்மா வாசித்துத் தள்ளினோம். அதற்கப்புறம் ஐந்தாவது கிரேடு புத்தகத்தைப் பார்த்தபோது முன்பு இருந்த பயத்தில் பாதிதான் இருந்தது.

எக்ஸாம் நாளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வெளியே மே மாத வெயில், உள்ளே ஏசி. குளிர்ந்தால் கிளாரினெட் சுருதி இறங்கும், ஊதும் முனையில் கட்டும் மெல்லிய நாணல் பட்டையான ரீடும் காய்ந்துபோகும். நான் வெளியே நன்றாக ஊதிச் சூடாக்கிவிட்டு, உள்ளே பேரைச் சொல்லி, ஸ்டாண்டைச் சரிசெய்து, பியானோவோடு சுருதி சேர்ப்பதற்குள் ஆறிவிட்டது. காத்திருக்கும்போது ஊதும் முனையான மவுத்பீஸை மூடி வைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் கீழே உள்ள பேரலை உள்ளங்கையில் பொத்திக்கொள்ளுங்கள். புது ரீடை அன்றைக்குப் போடாதீர்கள். ரீட் என்றதும் ஞாபகம் வருகிறது, ஆரம்பத்தில் ஒரு கடைக்காரர் "இதுதான் சார் நல்ல சவுண்டு" என்று மூன்றாம் நம்பர் என்ற கடினமான ரீடைத் தலையில் கட்டினார், காற்றுதான் வந்தது. ஒன்றரை அல்லது இரண்டில் ஆரம்பியுங்கள்.

இதே மாதிரி எக்ஸாம் நடத்தும் இன்னொரு போர்டான டிரினிட்டியா, ஏபிஆர்எஸ்எம்மா என்று கேட்பவர்களுக்கு: டிரினிட்டியில் நூறு மார்க், அறுபது பாஸ். ஐந்தாவது கிரேடு வரை சைட் ரீடிங், ஆரல், இம்ப்ரவைசேஷன் (அந்த நேரத்தில் கற்பனையாக வாசிப்பது), இசை அறிவுக் கேள்வி ஆகிய நான்கில் இரண்டை நாமே தேர்ந்தெடுக்கலாம். ஏபிஆர்எஸ்எம்மில் ஆறாவதுக்குப் போக ஐந்தாவது கிரேடு தியரி அல்லது அதற்கு ஈடான ஒன்றை முடித்திருக்கவேண்டும், டிரினிட்டியில் அந்தக் கட்டாயம் இல்லை. ஏபிஆர்எஸ்எம்மிலேயே ஸ்கேல், சைட் ரீடிங் எதுவும் இல்லாமல் நான்கு பீஸை ஒரே மூச்சில் வீடியோ எடுத்து அனுப்பும் வகையும் 2020-லிருந்து இருக்கிறது. மேடைப் பயிற்சிக்கு அது நல்லது. ஆனால் எங்கே ஓட்டை என்று தெரிந்துகொள்ளத்தான் எக்ஸாம் என்றால், பிடிக்காத பகுதிகள் உள்ளதையே எடுங்கள். என் மார்க் ஷீட்டில் ஒரு பீஸுக்குக் கீழே, வரி முடியும் இடங்களில் மூச்சுக்காகத் தாளத்தை இழுக்கிறேன் என்று ஒரு குறிப்பு இருந்தது. இரண்டு மாஸ்டரும் சொல்லாதது.

கர்நாடக சங்கீதம் வாசிக்கத்தான் கிளாரினெட் என்றால் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். 2008-ல் சங்கீத கலாநிதி வாங்கிய கிளாரினெட் வித்வான் ஏ.கே.சி. நடராஜன் வாசித்த கமகத்துக்கு இந்த சிலபஸில் இடமில்லை, அதற்குக் குருவைத்தான் தேடவேண்டும்.

ஐந்துக்கு நான்கு ஸ்டார் தருகிறேன். ஒன்றைக் குறைத்தது செலவுக்காக. கிரேடு ஏற ஏற ஃபீஸும் ஏறும். கூட பியானோ வாசிக்க ஆளை நாமே அழைத்துப் போகவேண்டும், ரிகர்சலுக்கும் சேர்த்து அவருக்குக் கொடுத்ததில் ஒரு வருட ரீட் வாங்கியிருக்கலாம். ஆறாவது கிரேடு புத்தகம் அலமாரியில் இருக்கிறது, இந்த வருடம் திறப்பதாக இல்லை.