ஆறு சந்திப்புக்கு முன்பணம் கட்டி ஏமாந்தேன், மனநல மருந்து எடுப்பவர்கள் படியுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஒன்பது வருடமாக என்னைப் பார்த்த மனநல மருத்துவர் ஓய்வு பெற்றுவிட்டார். நான் எடுப்பது டிரானில்சிப்ரமைனும் லித்தியமும். முதலாவது மனச்சோர்வுக்கான பழைய மருந்து, இப்போது எழுதுகிறவர்கள் குறைவு. ஆனால் வேறு எதற்கும் கேட்காத என் நோய் இதற்குத்தான் கேட்டது. இதையே தொடர ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

வீடியோவில் மருத்துவரைப் பார்க்கும் ஒரு செயலி. பணம் கட்டும் முன் அங்கே பேசிய பெண்ணிடம் இரண்டு மருந்தின் பெயரையும் எழுத்து எழுத்தாகச் சொன்னேன். குறித்துக்கொண்டு, திருப்பிப் படித்தும் காட்டினார். "கவலையே படாதீங்க சார், எங்க டாக்டர் இதையே கண்டினியூ பண்ணுவார்." அந்த ஒரு வார்த்தையை நம்பி ஆறு சந்திப்புக்கான பணத்தை மொத்தமாகக் கட்டினேன்.

பழைய டாக்டர் கொடுத்த இரண்டு பக்கக் கடிதத்தை கேமராவுக்கு நேராகப் பிடித்தேன். வீடியோவில் வந்த புதிய டாக்டர் முதல் பக்கத்தையே முடிக்கவில்லை. "இதெல்லாம் இப்ப யாரும் கொடுக்கிறதில்லை, நிறுத்திட்டு நாளையிலிருந்து செர்ட்ராலின் போடுங்க" என்றார். எனக்குக் கை நடுங்கியது. செர்ட்ராலினும் மனச்சோர்வு மருந்துதான், ஆனால் டிரானில்சிப்ரமைனை நிறுத்தி 14 நாளாவது போகாமல் அதைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்து உடம்பில் செரோட்டோனின் என்ற ரசாயனம் அளவுக்கு மீறினால் உயிருக்கே ஆபத்து. நோயாளி நான் இதை டாக்டருக்குச் சொல்ல வேண்டியிருந்தது! "அப்ப நேர்ல யாரையாவது பாருங்க" என்று துண்டித்துவிட்டார். ஏழு நிமிடம். லித்தியத்துக்கு ரத்தப் பரிசோதனை எப்போது செய்தீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. புகார் பதிவாகிவிட்டது என்றார்கள். இரண்டு நாள் பொறுங்கள் என்றார்கள். முதல் சந்திப்பு நடந்துவிட்டதால் பணம் திரும்பாது என்று இன்று பதில். அந்தப் பெண் கொடுத்த வாக்கைப் பற்றிக் கேட்டால், அப்படி யாரும் சொல்லியிருக்க மாட்டார்களாம். ஆறு சந்திப்புக்கான பணம், கையில் ஒரு மருந்துச்சீட்டுகூட இல்லை.

விவரமாக எழுத நினைத்தேன், முடியவில்லை. ஒரே ஒரு சந்திப்புக்கு மட்டும் கட்டுங்கள். மருந்தைத் தொடர்வார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பழைய டாக்டர் போகும் முன்பே புதியவரைத் தேடுங்கள். யார் சொன்னாலும் மருந்தைச் சட்டென்று நிறுத்தாதீர்கள், லித்தியத்தை அப்படி நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும்.

அட்டையைப் பிரித்து எண்ணினேன், 11 நாளுக்குத்தான் மாத்திரை இருக்கிறது. பழைய டாக்டரின் கிளினிக்குக்கு போன் செய்தேன். அவருக்குத் தெரிந்த ஒருவரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். காத்திருக்கிறேன்.